கயிற்றில் கை வைத்த பிள்ளைகள்

மைமூனா ராத்தா எங்கள் கடற்கரைக்கு வந்த அந்தச் சனிக்கிழமை, கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் செருப்பு, மறு கையில் கம்பி வெளியே தள்ளிய குடை. முக்காடு பறந்துவிடாமல் அதன் நுனியைப் பல்லால் கடித்திருந்தார். அப்படிக் கடித்தபடியே எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கேட்டார்.

"தங்கராசாட மகள் இந்திராணிர ஊடு எது?"

நான் கருவாடு காயும் பரணுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்டீனை நடத்துபவர். நான் அவருக்குக் கடன்காரி. அந்தக் கடனைத் தீர்க்காமல் பள்ளிக்கூட வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், இரண்டாவது கிழமையாக வீட்டில் நின்றேன். சாதாரண தரப் பரீட்சை அந்த வருடம்தான். எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் அந்தப் பரீட்சை மண்டபத்தை வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை.

(இதை இந்தத் தொடரில் பல தடவை எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். இன்னும் எழுதுவேன் ஐயா.)

பரணில் காய்ந்த சூடைக் கருவாட்டின் இடுக்கு வழியாக ராத்தாவின் சேலைக் கரை தெரிந்தது. மண்ணெண்ணெயும் தேங்காய்ப்பூவும் கலந்த கன்டீன் மணம் காற்றோடு வந்தது. எனக்குப் பசித்தது. வெட்கத்திலும் பசிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குத்திப் பார்த்த சோறு

கன்டீனில் கடன் வைக்கும் அளவுக்கு ஏன் போனோம் என்று கேட்பீர்கள். எங்களுக்கும் வீட்டில் சோறு கட்டித் தரும் அம்மாமார் இருந்தார்கள்.

அது யுத்த காலம். எங்கள் ஊரான சல்லியிலிருந்து திருகோணமலை நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சென்ட்ரி, ஆமிக்காரரின் சோதனைக் காவலரண். விடியற்காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். புத்தகப் பையை விரித்துக் காட்ட வேண்டும். சோற்றுப் பார்சலையும் விரிக்க வேண்டும். சோற்றுக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். எல்லாருடைய பார்சலுக்கும் ஒரே குச்சி.

ஒரு நாள் அம்மா எனக்குச் சுறாப் புட்டு கட்டித் தந்தார். குச்சி உள்ளே போய் வெளியே வந்தபோது அதன் நுனியில் யாரோ வீட்டுப் பருப்பு ஒட்டியிருந்தது. என் தோழி புவனா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உனக்குக் கறி கூடிப்போச்சடி."

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பார்சலை என்னால் தின்ன முடியவில்லை. ஒவ்வொரு வீடாகச் சோறு கட்டுவது நின்றது. பிள்ளைகள் கன்டீனில் வாங்கித் தின்னட்டும் என்று சில்லறை தந்தார்கள். கடல் திறந்திருக்கும்வரை சில்லறைக்குக் குறைவில்லை.

பிறகு துறைமுகப் பக்கம் ஏதாவது நடக்கும். எங்களுக்கு ஒரு பெரிய சத்தம் மட்டும் கேட்கும், குசினியில் தட்டுகள் அதிரும். மறுநாள் கடற்படை கடலை மூடிவிட்டது என்று செய்தி வரும். தோணி இறங்கக் கூடாது, வலை போடக் கூடாது. ஒரு கிழமையோ, இரண்டு மாதமோ, யாருக்கும் தெரியாது. ஆண்கள் கரையில் குந்தியிருந்து, எப்போதோ தைத்த வலையைப் பிரித்து மறுபடி தைப்பார்கள்.

கடல் மூடினால் சில்லறையும் மூடும்.

ராத்தாவின் கன்டீன்

ராத்தா கிண்ணியாக்காரர். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் ஆட்களும் பஸ்ஸும் மாடும் ஒன்றாகக் கடக்க வேண்டும். ராத்தா முதல் பாதையில் மாவும் தேங்காயும் கொண்டு ஏறி, பஸ் பிடித்து, முதலாம் பாட மணி அடிக்குமுன் ரொட்டி சுடத் தொடங்கியிருப்பார். பாதை ஓடாத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அங்கிருந்து வரும் ஆசிரியர்கள் இல்லாததைவிட ராத்தா இல்லாததைத்தான் நாங்கள் முதலில் கவனிப்போம்.

கன்டீன் என்றால் நான்கு தூணும் தகரக் கூரையும். தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், கடலை, பணிஸ் என்று நாங்கள் சொல்லும் பன். மதிய வகுப்பு உள்ளவர்களுக்குச் சோறும் ஒரு கறியும்.

கையில் சில்லறை இல்லாமல் நான் முதல் தடவை அங்கே போனபோது, தண்ணீர் குடிக்க வந்தவள்போல் குடத்தடியில் நின்றேன்.

"என்ன மகள், தண்ணியத் தின்னவா வந்த?" என்றார்.

"பசிக்கேல்ல ராத்தா."

"எனக்கிட்டப் பொய் செல்லாத. பசிக்காத புள்ள சட்டியப் பாக்காது."

தட்டை முன்னால் தள்ளிவிட்டு ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார். "கடல் துறந்த பொறகு வாப்பாக்கிட்டச் செல்லு." அவ்வளவுதான் ஒப்பந்தம். சல்லிப் பிள்ளைகள், திரியாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள், மேசன் வேலைக்காரர்களின் பிள்ளைகள் என்று பலர் அப்படித்தான் தின்றோம்.

அந்த முறை கடல் திறக்க நாளாகிவிட்டது. ராத்தாவுக்கு மா கொடுக்கும் கடைக்காரர் பழைய பாக்கி வராமல் புது மூட்டை இல்லை என்றார். பள்ளிக்கூடத்துக் குழுவும் கூடிப் பேசியது. இந்தத் தவணைக்குள் பாக்கி தீராவிட்டால் கன்டீனை வேறொருவருக்குக் கொடுப்பது என்று முடிவானது. வரப்போகிறவர் கைக்காசு மட்டும்தான் வாங்குவாராம்.

மைக்கில் வாசிக்க இருந்த பெயர்கள்

அப்போதுதான் இரும்புக்கடை முதலாளி முன்வந்தார். நல்ல மனிதர். எங்கள் பாக்கி முழுவதையும் தானே கட்டுகிறேன் என்றார். ஒரே ஒரு விருப்பம். மாதக் கடைசியில் வரும் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, மேடைக்கு அழைத்து, கையில் ஒரு உறை கொடுக்க வேண்டும். "நாலு பேர் பார்த்தாத்தான் இன்னும் நாலு பேர் குடுப்பினம்" என்பது அவர் நியாயம். அதில் பிழை சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மைக் என்றால் அவருக்குக் கொஞ்சம் ஆசை. அது ஒரு குற்றமா?

அதிபர் காலைக் கூட்டத்தில் இதை அறிவித்தார். நான் வீட்டில் வந்து சொன்னேன். அப்பா வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"என்னெண்டு வாசிப்பினம்?"

"பேரை வாசிச்சு, கன்டீன் பாக்கி தீர்க்கப்படுகிற மாணவி எண்டு..."

"உன்ர பேரையோ?"

"ஓம்."

"ஏலாது. என்ர பிள்ளை திண்ட கடனை நான் குடுப்பன். குடுத்த பிறகு நீ போ. அதுவரைக்கும் வீட்டில நில்."

"கடல் மூடியிருக்கு அப்பா. எதைக் குடுப்பீங்கள்?"

அவர் அடுத்த ஈயத்தைக் கையில் எடுத்தார்.

"வாசிச்சா வாசிக்கட்டுமே. நான் செத்தா போயிருவன்?"

"நீ சாகமாட்டாய்" என்றார் அப்பா. "நான் செத்துப்போவன்."

புவனாவின் அம்மா நேர்மாறு. திரியாயில் வயலையும் வீட்டையும் விட்டு, எங்கள் ஊரில் உறவுக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தவர். "என்ர பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லடி. பிள்ளை தின்னட்டும்" என்று மகளிடம் சொல்லியனுப்பினார். அவரையும் நான் மதிக்கிறேன். புவனா தினமும் பள்ளிக்கூடம் போய்வந்து, அன்றைய பாடங்களை எனக்குச் சொல்வாள். முடிவில் ஒரு குத்தலும் வரும்.

"உன்ர கொப்பர் பெரிய ராசா. நீ ராசகுமாரி. ராசகுமாரிக்கு என்னத்துக்கு இரசாயனம்?"

அப்பாவின் பணிஸ்

அப்பாவுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அம்மா எனக்குத் தனியாகச் சொன்னார், அரிசி புடைத்துக்கொண்டே.

அப்பாவும் பள்ளிக்கூடம் போனவர்தான். ஒரு வருடம்கூட இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இலவசமாகப் பணிஸ் கொடுத்தார்கள். வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அப்பா பாதியைத் தின்று, பாதியைத் தங்கைக்காகக் காற்சட்டைப் பைக்குள் வைப்பார். ஒரு நாள் வாத்தியார் அதைக் கண்டுவிட்டார். களவு என்று நினைத்து, வரிசைக்கு முன்னால் நிறுத்திப் பையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். பணிஸ் தூளும் மணலும் கொட்டின. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மறுநாள் அப்பா கரைவலைக்குப் போய்விட்டார். பிறகு பள்ளிக்கூடம் இல்லை.

"உன்னை வரிசைக்கு முன்னால நிப்பாட்டுவினம் எண்டுதான் பயப்பிடுறார்" என்றார் அம்மா. "நான் சொன்னனான் எண்டு கேட்டுப்போடாதை."

கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அப்பாமேல் கோபம் பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பரீட்சை அவருக்காகக் காத்திருக்காதே.

பிள்ளை கேட்டு வந்தவர்

ராத்தா வந்த கிழமைதான் கடலைத் திறந்திருந்தார்கள். விடிந்த பிறகு போய், பொழுது சாயமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். முதல் நாட்களின் உழைப்பு ஊர்க் கடையின் அரிசிப் பாக்கிக்குப் போய்விட்டது. அன்று கரையில் ஆண்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும் வேலை. அப்பா ஒரு கயிற்றில் கடைசி ஆளாக நின்றார்.

பரணுக்குப் பின்னால் என்னை முதலில் கண்டுபிடித்தது புவனா. "ராத்தா, உங்கட கள்ளி இஞ்ச!" என்று கத்தினாள்.

ராத்தா என் கையைப் பிடித்து எழுப்பினார். ஏசவில்லை. என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெலிஞ்சிட்ட" என்றார். பிறகு என் கையை விடாமலே கயிற்றடிக்கு நடந்தார்.

அப்பா கண்டுவிட்டார். ஆண்களுக்கு நடுவில் கடன் கேட்கப்போகிறார் என்று நினைத்திருப்பார், முகம் கறுத்தது. கயிற்றை விடாமல், கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அக்கா, குடுக்கிறன். இன்னும் கொஞ்ச நாள்."

"கடன் கேக்க நான் வரல்ல தம்பி. புள்ளயக் கேட்டு வந்த. ரெண்டு கெழமையாக் காணல்ல."

"கடன் தீராம அவள் வரமாட்டாள்."

"மைக்கில வாசிக்கிறதுக்கா பயப்புடுறீங்க? அதிபர் லிஸ்ட் கேட்டவர்தான். மறந்திட்டன், நாளைக்குத் தாறன் எண்டு செல்லிச் செல்லித்தான் நானும் இரிக்கன். எவ்வளவு காலத்துக்கு மறக்க ஏலும்?"

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறியள்?"

ராத்தா கயிற்றைப் பார்த்தார். கடலில் மிதப்புக் கட்டைகள் அரைவட்டமாகத் தெரிந்தன, மீன் சேரும் வலையின் மடி இன்னும் தொலைவில் இருந்தது.

"எங்கட வாப்பாவும் கரவலதான்" என்றார். "எங்கட கரையில கயித்தில கை வெச்ச ஆளுக்குப் பங்கிரிக்கு. இஞ்சயும் அப்படித்தானே?"

"ஓம், அப்படித்தான்" என்றார் அப்பா, எதற்குக் கேட்கிறார் என்று விளங்காமல்.

ராத்தா செருப்பையும் குடையையும் என் கையில் தந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அப்பாவுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

கை வைத்தாயிற்று

எங்கள் கரையில் பெண்கள் மீன் தரம் பிரிப்பார்கள், வெட்டுவார்கள், உப்புப் போடுவார்கள். கயிறு பிடித்ததில்லை. பிடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை, யாரும் பிடித்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு வழக்கம் உண்டு. வலை வந்துகொண்டிருக்கும்போது கயிற்றில் வைத்த கையை இன்னொருவர் தட்டிவிடக் கூடாது. தட்டினால் மடி கிழியும் என்பார்கள். குடித்துவிட்டு வந்து பிடித்தாலும், பகையாளி வந்து பிடித்தாலும், வலை கரையேறும்வரை அவனும் இழுப்பவன்தான்.

ராத்தாவுக்கு இது தெரிந்திருந்ததா, தெரியாமல்தான் பிடித்தாரா? பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். "எனக்குக் கை ஊறிச்சு மகள்" என்பார்.

கயிறு முழுக்க இழுவை நின்றது. எல்லாரும் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியைப் பார்த்தார்கள். வாயில் சுருட்டோடு நின்ற அவர், கொஞ்ச நேரம் ராத்தாவின் கால்களைப் பார்த்தார். ராத்தா குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்ற விதம் சரியாக இருந்தது.

"கை வைச்சாச்சு" என்றார் சம்மாட்டி. "இழுங்கோடா. என்ன வாய் பார்க்கிறியள்?"

நான் குடையையும் செருப்பையும் மணலில் போட்டேன். ராத்தாவுக்குப் பின்னால் போய்ப் பிடித்தேன். அப்பா தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் வேறு நாட்களில் ஒன்றரை மைல் ஓடியிருப்பேன். அன்று ஓடவில்லை. அவராலும் என் கையைத் தட்ட முடியாது.

"நானும் வாறன்" என்று புவனா வந்தாள். "எனக்கும் பாக்கி கிடக்கு." அவள் கத்திய கத்தலில் ஊரில் இருந்த கன்டீன் கடன்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பின்னல் அவிழ்ந்ததுகள், மூக்குச் சளி துடைக்காததுகள். கயிற்றின் வால் நீண்டுகொண்டே போனது.

எங்களுக்கு முன்னால் இழுத்த குமாரண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"சம்மாட்டி, இதுகள் எல்லாத்துக்கும் பங்கெண்டால் எனக்கு ஒரு சட்டி மீன் அரைச் சட்டியாய்ப் போகும்."

"பின்னால திரும்பிப் பாரடா. உன்ர மகளும் நிக்கிறாள்."

குமாரண்ணன் திரும்பிப் பார்த்தார். அவருடைய மகள் பல்லைக் காட்டினாள்.

"எடியே, நீயும் கடனோ?"

"ஓம் அப்பா. பணிஸ்தான்."

கரை முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஆனால் இழுவைக்குக் குரல் கொடுப்பது அவர் வேலை. வழக்கமாக ஆண்களின் வேகத்துக்குக் கொடுக்கும் குரலை அன்று கொஞ்சம் தாமதித்துக் கொடுத்தார். எங்கள் சின்னக் கால்கள் பின்னால் எடுத்து வைக்கும் நேரம் அது. இதை நான் அப்போதே கவனித்தேன்.

கயிற்றில் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் ஒட்டி வந்ததால் கை எரிந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. மடி அலைக்குள் வந்ததும் தண்ணீர் வெள்ளி நிறமாகத் துள்ளியது. சூடை. மடி நிறையச் சூடை. இடையிடையே பாரைக் குட்டிகள்.

இது ஆருக்கு?

வலையின் பங்கைச் சம்மாட்டி எடுத்த பிறகு, மிச்சத்தை மணலில் சமமாகக் குவிப்பார்கள். யாருக்கு எந்தக் குவியல் என்று சண்டை வராமல் இருக்க ஒரு முறை உண்டு. ஒருவர் குவியல்களுக்கு முதுகு காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். அந்தக் குவியல் அவருக்கு. பெயர் சொல்வதற்கு எப்போதும் அப்பாதான். அவர் பட்சம் பார்க்கமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை.

அப்பா கடலைப் பார்த்து நின்றார். சம்மாட்டி தொட்டார்.

"இது ஆருக்கு?"

"குமாருக்கு."

"இது ஆருக்கு?"

ஆண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. அப்பாவின் பெயரும் வந்தது. குவியல்கள் இன்னும் கிடந்தன.

"இது ஆருக்கு?"

அப்பா பேசவில்லை. அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்த முதுகு. அவர் பெயர் சொல்லாத குவியல் மறுபடி பொதுவில் சேரும். அப்படிச் சேர்ந்தால் ராத்தா வெறுங்கையோடு பாதைக்குப் போவார். நான் பரணடிக்குப் போவேன். பரீட்சைக்கு வேறு யாரோ போவார்கள்.

"தங்கராசா, இது ஆருக்கு?" சம்மாட்டி குரலை உயர்த்தினார்.

"இந்திராணிக்கு" என்றார் அப்பா.

வீட்டில் அவர் என்னைக் குஞ்சு என்றுதான் கூப்பிடுவார். என் முழுப் பெயரை அவர் வாயால் நான் கேட்ட முதல் தடவை அது. கடல் இரைச்சலுக்கு மேலாக, மைக் இல்லாமல், கரை முழுக்கக் கேட்டது.

அதன் பிறகு தடையில்லை. புவனாவுக்கு. குமாரின் மகளுக்கு. ஒவ்வொரு பெயரையும் பெரிய ஆளின் பெயர்போலச் சொன்னார். கடைசியாக ஒரு குவியல்.

"இது ஆருக்கு?"

"கன்டீன்கார அக்காவுக்கு."

"எனக்குப் பேரில்லியா?" என்றார் ராத்தா. "மைமூனா எண்டு செல்லுங்க."

"மைமூனாக்காவுக்கு" என்றார் அப்பா. அப்போதுதான் திரும்பினார்.

காணாது, காணும்

பிள்ளைகள் தங்கள் குவியல்களை ராத்தாவின் காலடியில் சேர்த்தார்கள். ராத்தா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"சரி. சல்லிப் புள்ளயளிட கடன் முடிஞ்சிது."

"எப்படி முடியும்?" அப்பா விடவில்லை. "நீங்கள் கணக்குப் பார்க்கேல்லையே."

"மீனப் பாத்தன். காணும்."

"காணாது அக்கா. பிள்ளையள் மாதக்கணக்கில திண்டதுகள்."

"காணும் தம்பி."

"காணாது."

கடன் கொடுத்தவர் போதும் என்பதும், கடன்பட்டவர் போதாது என்பதுமாக அப்படி ஒரு பேரத்தை எங்கள் கரை பார்த்ததில்லை. கடைசியில் அப்பா தன் பங்கையும் தூக்கி அந்தக் குவியலில் கொட்டினார். அம்மா பாய்ந்து வந்தார்.

"இஞ்சேருங்கோ, ராவைக்குக் கறிக்கு என்ன செய்யிறது? உங்கட ரோசத்தைக் குழம்பு வைக்கவோ?"

ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பாரைக் குட்டியை எடுத்து அம்மாவின் சட்டியில் போட்டார். "இது கடன் இல்ல, தங்கச்சி. நான் இழுத்த என்ட பங்கு."

சூடை பச்சையாக நிற்காது. அன்று பின்னேரம் முழுவதும் ஊர்ப் பெண்கள் உப்புப் போட்டார்கள். காய்ந்த கருவாட்டை ராத்தா தோப்பூருக்குக் கொண்டுபோனார். அங்கே அறுவடை முடிந்திருந்தது, கருவாட்டுக்கு நெல் கொடுக்கும் வீடுகள் இருந்தன. நெல்லை மாக்கடைக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டாராம். பரிசளிப்பு விழாவுக்குமுன் வந்த சனிக்கிழமைகளில் நகரத்துப் பிள்ளைகளும், மேசன்மாரின் பிள்ளைகளும் பஸ் ஏறி எங்கள் கரைக்குக் கயிறு பிடிக்க வந்தார்கள். சம்மாட்டி புறுபுறுத்தபடியே பங்கு குவித்தார்.

விழாவில் வாசிக்கப் பெயர் இல்லை என்று அதிபர் சொன்னபோது இரும்புக்கடை முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. பாவம். பிறகு விளையாட்டுப் போட்டியில் வென்றவர்களின் பெயர்களை அவரையே வாசிக்கவிட்டார்கள். ஆசை தீர வாசித்தார். கட்ட நினைத்த காசுக்குக் கன்டீனுக்கு இரண்டு பெரிய சட்டிகள் வாங்கித் தந்தார். தன் பெயரைச் சட்டியின் வெளியே பொறித்திருந்தார். நாங்கள் யாரும் குறை நினைக்கவில்லை.

திங்கட்கிழமை

நான் அந்தத் திங்கட்கிழமையே பள்ளிக்கூடம் போனேன். உள்ளங்கை வீங்கிப் பேனை பிடிக்க ஏலாமல் இருந்தது. புவனாவுக்கும் அப்படித்தான். இரசாயன ஆசிரியர் இரண்டு பேரையும் எழுப்பி, ஏன் எழுதவில்லை என்று கேட்டார். "கடன் அடைச்சனாங்கள் சேர்" என்றாள் புவனா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது துறைமுகப் பக்கம் மறுபடி சத்தம் கேட்டது. கடலை மூடினார்கள். மறுநாள் இடைவேளையில் நான் கன்டீனுக்குப் போகலாமா, வேண்டாமா என்று படியில் நின்று யோசித்தேன். ராத்தா கண்டுவிட்டார். ஒன்றும் கேட்காமல் தட்டைத் தள்ளினார். தின்றேன்.

பின்னேரம் சைக்கிளை வேலியில் சாத்தும்போது அப்பா முற்றத்தில் இருந்தார். கையில் அந்தப் பழைய வலை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனி?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ரொட்டி. சம்பலும்."

"மைமூனாக்கா கொப்பியில எழுதி வைச்சவவே?"

"ஓம்."

ஊசியில் நூலைக் கோர்த்தார். ஒரு கண்ணி போட்டார். இன்னொரு கண்ணி போட்டார்.

"ரொட்டி மட்டும் காணாது" என்றார். "நாளைக்குச் சோறு சாப்பிடு."